மூன்று மெத்தை, மூன்று பிரச்சினை: எதை மாற்றலாம், எதைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம்?

மாடிவீட்டு_மல்லி:

வணக்கம். சென்னையில் இரண்டாவது மாடி, வாடகை வீடு. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மெத்தை விஷயத்தை முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

மாமியார் படுப்பது இலவம்பஞ்சு மெத்தை. 6×3 அடி அளவு, ஒன்பது வருடம் ஆகிறது. கட்டி கட்டியாக இருக்கிறது, இடுப்பு படும் இடத்தில் கட்டில் பலகை தட்டுகிறது. அவருக்கு வீசிங் உண்டு, விடியற்காலையில் தும்மலும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் கட்டிலில் தேங்காய் நார் மெத்தை, மேலே ஒரு அங்குல ஃபோம் ஒட்டியது, ஆறு வருடப் பழசு. நடுவில் பள்ளம், தூக்கினால் அடியில் பழுப்பாகத் தூள். அந்தக் கட்டில் அடியில் சாமான் வைக்கும் பெட்டி வைத்தது. பையனுக்கு நாலு வயது. அவனுடையது 5 அங்குல ஃபோம், 6×3, மூன்று வருடம்தான் ஆகிறது. பள்ளம் எதுவும் இல்லை, ஆனால் சிறுநீர்க் கறையும் வாடையும். மழை பெய்தால் அறை முழுக்க வீசுகிறது.

கடையில் விசாரித்தால் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் எதை மாற்ற வேண்டும், எதைக் காப்பாற்றலாம்?

---

இலவு_காத்தவன்:

இலவம்பஞ்சு பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது தெரிந்தவர்கள் வருவார்கள்.

ஒன்பது வருடம் என்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. தலைமாட்டுப் பக்கம் ஒரு சாண் தையலைப் பிரித்து, கையை உள்ளே விட்டு நடுப்பகுதியிலிருந்து ஒரு பிடி பஞ்சு எடுங்கள். ஓரத்துப் பஞ்சு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. எடுத்ததைக் கைக்குள் அழுத்திவிட்டு விரியுங்கள். மெல்ல எழும்பினால் உயிர் இருக்கிறது, அடித்து மறுபடி தைக்கலாம். உள்ளங்கையில் பொடியாக ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தால் முடிந்துவிட்டது. இலவ இழை உள்ளே கூடாக, காற்று நிறைந்த குழாய் மாதிரி இருக்கும். மெத்தை மெத்தென்று இருப்பதே அந்தக் காற்றால்தான். வருடக்கணக்கில் உடல் எடை அழுத்த அழுத்த அந்தக் குழாய் நசுங்கி உடைகிறது. உடைந்த இழையை எத்தனை முறை அடித்தாலும் தூள்தான் மிஞ்சும்.

அதே பிடியில் இன்னொன்றும் பாருங்கள். கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவே திரியுங்கள். இலவம்பஞ்சு வழுக்கும், நூலாகத் திரியாது. சுலபமாகத் திரி போல முறுக்கிக்கொண்டு வந்தால் பருத்தியோ மில் கழிவுப் பஞ்சோ கலந்திருக்கிறது. கட்டி விழுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கலப்படம். இலவ இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, வியர்வையை லேசில் இழுக்காது. பருத்தி இழுக்கும், இழுத்தது காய்ந்து இறுகும்.

அடிக்கக் கொடுப்பதாக இருந்தால் கூடவே நின்று பாருங்கள். பழைய பஞ்சில் ஒரு பங்கு தூளாகக் கழியும். அதை ஈடுகட்ட 6×3 மெத்தைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ புதுப் பஞ்சு கேட்பது நியாயம். ஐந்து கிலோ கேட்டால் பழைய பஞ்சில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதற்குப் புதிதாகவே தைத்துவிடலாம், போடி, தேனிப் பக்கத்துப் பஞ்சு என்று கேட்டு வாங்குங்கள். பழைய துணியில் மறுபடி அடைக்கவே கூடாது. நெருக்கமான நெசவுள்ள புது மெத்தைத் துணி வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் பொடி இழை வெளியே வரும், வீசிங் உள்ளவருக்கு அது ஆகாது. நடுநடுவே நூல் கோத்து இழுத்துக் கட்டும் தையல் முக்கால் அடிக்கு ஒன்று விழ வேண்டும். அது இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பஞ்சு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பஞ்சு அடிக்கும்போது மாமியார் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

வெயில் வைக்கும் முறை: காலை 11 மணிக்கு மாடியில் பாய் விரித்து, மேலே மெத்தை. இரண்டு மணி நேரத்தில் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு மணி நேரம். திருப்பும்போது மூங்கில் குச்சியால் தட்டுங்கள், ஓங்கி அடித்தால் இழை உடையும். 4 மணிக்குள் இறக்கிவிட வேண்டும், பொழுது சாய்ந்தால் ஈரக்காற்று ஏறும். கோடையில் மாதம் இருமுறை போதும். மழைக்காலத்தில் வெயில் அடிக்கும் நாளை விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

---

ஃபோம்_கணக்கு:

அடியில் விழும் பழுப்புத் தூள்தான் உங்கள் நார் மெத்தையின் கதையைச் சொல்லிவிட்டது. தேங்காய் நாரைச் சுருட்டி, அதன் மேல் ரப்பர் பால் தெளித்து, சூட்டில் பதப்படுத்திச் செய்வது இந்த மெத்தை. நாரும் நாரும் தொடும் இடத்தில் அந்த ரப்பர்தான் பிடிமானம். ரப்பர் கிழடாகி நொறுங்கும்போது பிடி விடுகிறது, நார் ஒடிகிறது, தூள் கொட்டுகிறது. இதற்கு மருந்து இல்லை.

ஆனாலும் மெத்தை மேல் பழி போடுவதற்கு முன் கட்டிலைப் பாருங்கள். மெத்தையை எடுத்துவிட்டு, நேரான திரைச்சீலைக் கம்பி அல்லது அலுமினியப் பட்டையைப் பலகையின் குறுக்கே வையுங்கள். நடுவில் இடைவெளி 5 மி.மீ.க்கு மேல் போனால் பிளைவுட்டே தொய்ந்திருக்கிறது. அந்தப் பலகை மேல் எந்தப் புது மெத்தை போட்டாலும் பள்ளம் விழும். அடியில் நடுத்தாங்கி ஒன்று அடித்தால் சரியாகிவிடும்.

அடுத்து மெத்தை. விரிப்பை எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் யாரும் படுக்காமல் விடுங்கள். அதே கம்பியைக் குறுக்கே வைத்து, ஆழமான இடத்தில் ஸ்கேலால் அளக்கவும். 25 மி.மீ.க்குள் என்றால் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டு ஓட்டலாம். 40 மி.மீ. தாண்டினால் முதுகுக்குக் கேடு, மாற்றிவிடுங்கள். உத்தரவாதம் மீதி இருந்தால் இந்த அளவை ஸ்கேலோடு படம் எடுத்து வையுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட பள்ளத்தைத்தான் குறையாக எடுத்துக்கொள்கின்றன, கறை இருந்தால் அதையே காரணமாகச் சொல்லி மறுப்பதும் உண்டு.

பள்ளம் விழுந்த மெத்தை மேல் இரண்டு அங்குல டாப்பர் (மெத்தைக்கு மேல் போடும் மெல்லிய மெத்தை) வாங்கிப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வீண் செலவு. டாப்பரும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கித்தான் கிடக்கும்.

பையனுடைய ஃபோமுக்கு எடைக் கணக்கு போடலாம். 72×36×5 அங்குலம் என்றால் கனஅளவு சுமார் 0.212 கன மீட்டர். ஃபோமின் தரத்தை ஒரு கன மீட்டர் எத்தனை கிலோ என்று சொல்வார்கள், கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பது அதுதான். உங்கள் அளவில் 32 என்றால் 6.8 கிலோ இருக்க வேண்டும், 40 என்றால் 8.5 கிலோ. உறைக்கு ஒரு கிலோ கழித்துக்கொள்ளுங்கள். குளியலறை எடை இயந்திரத்தில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை நின்றால் வித்தியாசம் வந்துவிடும். புதிதாக வாங்கும்போதும் இதே கணக்கைப் போடுங்கள், விற்பவர் வாய்ச்சொல்லை விடத் தராசு நம்பகமானது. பெரியவர்கள் தினமும் படுக்க 32க்குக் கீழே போக வேண்டாம்.

இன்னொன்று: ஃபோமும் லேடெக்ஸும் (ரப்பர் பாலில் செய்யும் மெத்தை) வெயிலில் போடும் பொருள் அல்ல. ஃபோம் மஞ்சளாகி மேல்தோல் உதிரும், லேடெக்ஸ் விறைத்து விரிசல் விடும். நிழலில், காற்றோட்டமாக நிமிர்த்தி வைத்தால் போதும்.

---

மாடிவீட்டு_மல்லி:

அளந்துவிட்டேன். பலகையில் 3 மி.மீ.தான், நார் மெத்தையில் 45. அப்போது அது போகிறது. பையன் மெத்தை உறையோடு 7 கிலோ. மாமியார் மெத்தையில் எடுத்த பஞ்சு எழும்புகிறது, ஆனால் முழுசாக எழும்பவில்லை, கொஞ்சம் தூளும் உண்டு.

பையன் மெத்தை வாடைக்கு என்ன செய்வது? ஆப்ப சோடா தூவிப் பார்த்தேன், இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி வந்துவிட்டது.

---

சலவைக்கல்:

சோடா மேல்மட்ட வாடையைத்தான் இழுக்கும். உங்கள் பிரச்சினை உள்ளே இருக்கிறது. உறையின் ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். பரவலாக, சீராக மஞ்சள் என்றால் அது காற்றிலும் வெளிச்சத்திலும் ஃபோம் நிறம் மாறுவது, கறை இல்லை. வட்டமாக, ஓரம் கருத்து இருந்தால் சிறுநீர் அடிவரை இறங்கியிருக்கிறது.

அடிவரை இறங்காத கறைக்கு: மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்கள். இங்கே பெரும்பாலும் 6 சதவீதம் கிடைக்கும், சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். அதில் 240 மி.லி. எடுத்து, மூன்று மேசைக்கரண்டி ஆப்ப சோடா, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலக்கவும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கறை மேல் நனையும் அளவுக்குத் தெளித்து, தொடாமல் காயவிட்டு, வெள்ளைப் பொடியைத் தூரிகையால் தட்டி வாக்குவம் போடுங்கள். மீதியை மூடி போட்டு வைக்கக் கூடாது, உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். நிறத் துணியில் இது வெளுப்பு உண்டாக்கும், ஆகவே உறையைக் கழற்றிய பிறகு ஃபோமில் மட்டும்.

அடிவரை இறங்கியிருந்தால் தெளித்துப் பயனில்லை. மெத்தையை மாடியில் நிழலில் சாய்த்து வைத்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மி.லி. வெள்ளை வினிகர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தடித்த துண்டால் இரண்டு பக்கமும் அழுத்தி அழுத்தி எடுங்கள். துண்டில் நிறம் வருவது நிற்கும் வரைக்கும். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை. ஈரம் உறிஞ்சும் வாக்குவம் வாடகைக்குக் கிடைத்தால் வேலை பாதியாகும். நிமிர்த்தி வைத்து இரண்டு பக்கமும் மின்விசிறி, குறைந்தது ஒரு முழு நாள். கையால் அமுக்கிப் பார்த்தால் மேலே காய்ந்ததாகத்தான் தெரியும். டிஷ்யூ தாளை வைத்து முழங்காலால் அழுத்துங்கள், தாள் நனைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்து உறை போட்டால் வாடை போய் பூஞ்சை வந்து சேரும். மழை தொடங்கிவிட்டால் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பிளீச்சிங் பவுடர், குளோரின் திரவம் எதையும் சிறுநீர்க் கறையில் ஊற்றாதீர்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாத்திரத்தில் கலப்பதும் கூடாது. ரத்தக் கறை என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை நிலைத்துவிடும்.

இனிமேலுக்கு: ப்ரொடெக்டர் (மெத்தையை நனையாமல் காக்கும் மேல்விரிப்பு) இரண்டு வாங்கி அடுக்காகப் போடுங்கள். கீழே ப்ரொடெக்டர், மேலே விரிப்பு, மறுபடி ப்ரொடெக்டர், மறுபடி விரிப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு நனைந்தால் மேல் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆஸ்பத்திரி ரப்பர் ஷீட் வேண்டாம், வேர்த்துக் கொட்டும். பின்பக்கம் மெல்லிய பூச்சு உள்ள துவாலைத் துணி ப்ரொடெக்டர் நல்லது. அந்தப் பூச்சை இஸ்திரி போட்டாலோ கடும் வெயிலில் காட்டினாலோ உரிந்துவிடும். ஓட்டை விழுந்ததா என்று தெரிய, வாளி மேல் விரித்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள்.

---

மூக்கடைப்பு:

எல்லோரும் பள்ளத்தையும் கறையையும் பார்த்துவிட்டு மாமியாரின் தும்மலை விட்டுவிட்டீர்கள்.

காலைத் தும்மல், வீசிங் இரண்டும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டஸ்ட் மைட், அதாவது தூசியில் வாழும் நுண்ணிய உண்ணி. கண்ணுக்குத் தெரியாது, கால் மில்லிமீட்டர் அளவு. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும், காற்றின் ஈரத்தை உடலாலேயே உறிஞ்சும், அதனால்தான் கடலோர ஊர்களில் இதற்குக் கொண்டாட்டம். ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் கழிவு. ஆகவே வெயிலில் காய வைத்துக் கொன்றால் மட்டும் தீராது, செத்ததும் கழிவும் உள்ளேயே கிடக்கும். வெயில் முடிந்ததும் தையல் ஓரங்களில் மெதுவாக, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடமாவது வாக்குவம் போட வேண்டும். ஹெப்பா வடிகட்டி (நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) இல்லாத வாக்குவம் பொடியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும், அந்த நேரம் அவர் அறையில் இருக்கக் கூடாது. மைட் கடிக்காது. உடம்பில் தடிப்பும் தையலில் கருப்புப் புள்ளிகளும் இருந்தால் அது மூட்டைப்பூச்சி, வேறு வைத்தியம்.

ஆப்ப சோடா மைட்டைக் கொல்லாது. சலவைக்கல் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் வாட்ஸப்பில் சுற்றுவதால் சொல்லி வைக்கிறேன்.

பலன் தருவது இரண்டு. ஒன்று, மெத்தையையும் தலையணையையும் முழுவதும் மூடும் ஜிப் உறை, நெசவுத் துளை 10 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) கீழே என்று போட்டிருக்க வேண்டும். மேலே மட்டும் விரிக்கும் ப்ரொடெக்டர் இதற்குப் போதாது. இன்னொன்று, வாரம் ஒரு முறை விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி நீரில் துவைப்பது. உங்கள் இயந்திரத்தில் ஹீட்டர் இல்லையென்றால், கொதிக்கும் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம பங்கு கலந்தால் 65 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அதில் அரை மணி நேரம் மூடி ஊறவிட்டு, பிறகு சாதாரணமாகத் துவையுங்கள். சாயம் போகும் துணி என்றால் முதல் முறை தனியாக.

என் அபிப்பிராயம்: இலவு_காத்தவன் கோபித்துக்கொள்ளக் கூடாது, வீசிங் உள்ளவருக்குத் தூள் தட்டும் பழைய பஞ்சை அடித்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தலையணையைக் கட்டாயம் மாற்றுங்கள், அது மூக்குக்கு நேரே இருப்பது. வீசிங் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், மெத்தையை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

---

இலவு_காத்தவன்:

கோபம் ஒன்றுமில்லை. முழுசாக எழும்பவில்லை, தூளும் உண்டு என்று சொன்ன பிறகு நானும் அடிக்கச் சொல்ல மாட்டேன். புதுப் பஞ்சில் தைத்து, நீங்கள் சொல்லும் உறையைப் போட்டால் போயிற்று. அவருக்குப் பஞ்சு மெத்தைதான் பழக்கம் என்றால் திடீரென்று ஃபோமில் படுக்க வைத்தால் முதுகு வலிக்கிறது என்பார்.

---

ஃபோம்_கணக்கு:

7 கிலோவில் உறை ஒரு கிலோ போனால் 6. அதாவது 28 டென்சிட்டி. நாலு வயதுப் பையனின் எடைக்குத் தாராளம். வாடை போய்விட்டால் இரண்டு வருடம் கவலையில்லை, வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். வாடை போகவில்லை என்றால் மட்டும் கழித்துவிடுங்கள்.

உங்கள் கட்டிலுக்குப் புது மெத்தை வரும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடியில் பெட்டி வைத்த கட்டிலில் காற்று புகாது. உடல் சூட்டில் இறங்கும் ஈரம் பிளைவுட்டில் முட்டி நிற்கும், பூஞ்சை பிடிப்பது அங்கேதான். சொந்த வீடு, சொந்தக் கட்டில் என்றால் பலகையில் அரை அடிக்கு ஒன்றாக ஒரு அங்குலத் துளை போடச் சொல்வேன். கட்டில் வீட்டுக்காரருடையது என்றால் மெத்தைக்கு அடியில் கோரைப்பாய் விரியுங்கள், வாரம் ஒரு முறை மெத்தையைச் சுவரில் சாய்த்து ஒரு மணி நேரம் மின்விசிறி ஓட விடுங்கள். பாயையும் மாதம் ஒரு தரம் வெயிலில் காட்ட வேண்டும், இல்லையென்றால் முதலில் அதுதான் பூஞ்சை பிடிக்கும். எழுந்தவுடனே போர்வையை மடித்து விரிப்பை இழுத்து மூடும் சுத்தக்காரர்கள் அரை மணி நேரம் பொறுத்தால் மெத்தைக்கு நல்லது.

---

மாடிவீட்டு_மல்லி:

எல்லோருக்கும் நன்றி. நார் மெத்தையை என்ன செய்வது? மாடியில் போட்டு வைத்தால் போகிக்கு எரித்துவிடலாம் என்கிறார் வீட்டில்.

---

சலவைக்கல்:

வேண்டவே வேண்டாம். அதில் ரப்பர், ஒட்டிய ஃபோம், பசை மூன்றும் இருக்கிறது. ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷ வாயுக்கள் வரும், வீட்டில் வீசிங் உள்ளவர் வேறு இருக்கிறார். மழையில் மாடியில் நனைந்து கிடந்தால் கொசுவும் எலியும் குடியேறும்.

கட்டர் பிளேடால் உறையைக் கிழித்து, ஃபோமைப் பிய்த்துத் தனியாக எடுங்கள். நார்ப் பலகையை இரண்டடித் துண்டுகளாக அறுத்தால் படிக்கட்டில் இறக்குவது சுலபம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தூள் பறக்கும். பெரிய பொருள்களை மாநகராட்சி தினசரிக் குப்பை வண்டியில் எடுப்பதில்லை, வார்டு அலுவலகத்தில் கேட்டால் எந்த நாளில், எப்படி எடுப்பார்கள் என்று சொல்வார்கள். ஃபோம் துண்டு நல்ல நிலையில் இருந்தால் குஷன் தைப்பவர் வாங்கிக்கொள்வார். நார்த் துண்டில் ஒன்றிரண்டைத் தொட்டிச் செடிக்கு அடியில் வடிகாலாகப் போடலாம், ரப்பர் இருப்பதால் சீக்கிரம் மக்காது.